ஏர் பிடித்த ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறை

நம் சமூகத்துப் பிள்ளைகளிடம் பாட்டன் பெயர் என்னவென்று கேட்டால் உடனே விடை வரும். பாட்டனைப் பெற்றவர் பெயர் என்ன, அவர் எந்த ஊரில் எவருடைய நிலத்தை உழுதார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். இது பிள்ளைகளின் குற்றமன்று. நிலம் உடையவனிடம் பத்திரம் இருக்கிறது. பத்திரத்தில் அவன் தந்தை பெயரும், தந்தைக்கு அந்நிலம் வந்த வழியும் எழுதப்பட்டிருக்கின்றன. எனவே அவன் முயலாமலே அவன் முன்னோர் பெயர் நிலைத்துவிடுகிறது. நிலத்தை உழுதவனுக்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. அவன் இறந்த பின்பு அவன் பெயர் பேரன் பெயராக ஒரு தலைமுறை வாழ்ந்து, பின்னர் மறைந்துவிடுகிறது.

ஆயினும் நம் குடும்பங்களுக்கு வரலாறே இல்லை என்று எண்ணுதல் பொருந்தாது. அவ்வரலாறு பாட்டிமார் நினைவிலும், வட்டாட்சியர் அலுவலகப் பதிவேடுகளிலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும், கடலுக்கு அப்பாலுள்ள கப்பல் பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டுவது எவ்வாறு, திரட்டினால் வரும் பயன் யாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிறர் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதினும் எங்கள் குடும்பத்தையே சான்றாகக் கொள்வது முறை என்று கருதுகிறேன். ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் இதே கதைதான் பெயர் மாறி நடந்திருக்கிறது.

இதற்கு நமக்கு ஒரு முன்னோடியும் உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், தம் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலாக 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். வட்டமேசை மாநாடு வரை சென்று வந்த பெரியவரே தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்கவேண்டும் என்று கருதினார் என்றால், நாம் எழுதாமல் இருப்பது எவ்வாறு தகும்?

ஓட்டனார் காலம்

எங்கள் குடும்பம் மதுராந்தகம் வட்டாரத்தில் ஏரிப்பாசனம் உள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தது. நினைவுக்கு எட்டிய வரையில் மூத்தவர் என் ஓட்டனார், அதாவது பாட்டனாரின் பாட்டனார். அவர் ஒரு மிராசுதாரிடம் படியாளாக இருந்தார். படியாள் என்பது படியளந்து வைத்துக்கொள்ளும் ஆள் என்று பொருள்படும். மாதந்தோறும் அளக்கப்படும் நெல்லும், அறுவடைக் களத்தில் கிடைக்கும் கூலியுமே வருவாய். திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தகப்பன் உழைப்பான். அவன் முடிந்தால் மகன் உழைப்பான்.

அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிற்று. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்தது. ஆனால் கடன் இருந்தது. குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாகவே கருதப்பட்டது. பண்ணையை விட்டுப் போகிறேன் என்பவன் குடிசையையும் விட்டுப் போகவேண்டும். இந்நிலையில் சட்டம் தந்த விடுதலை சேரிக்குள் வந்து சேரவில்லை.

ஓட்டனார் முறை வைத்து வெட்டிமை வேலையும் பார்த்தவர். ஏரி மதகைத் திறப்பது, பாய்ச்சலைக் கவனிப்பது, எல்லைக்கல்லைக் காப்பது ஆகியவை அவ்வேலையில் அடங்கும். இரு நிலக்காரர்களுக்கிடையே வரப்புத் தகராறு எழுந்தால், எல்லை இதுதான் என்று நடந்து காட்டுபவர் நம்மவரே. அவர் சொல்லை ஊர் ஏற்றது. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்திருந்த அம்மனிதருக்கு அவ்வரப்புகளுக்குள் ஒரு குழி நிலமும் இல்லை என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கடல் கடந்தவர்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறிப்பிட்டனர். ஏரி வற்றியதும் பண்ணையார் படியளப்பதை நிறுத்தினார். படியாளை வைத்திருப்பது ஆதாயமாக இருந்தவரையில்தான் அவனை விடாமல் பிடித்திருந்தார்கள். பஞ்சம் வந்ததும் எங்கேனும் போ என்று விட்டுவிட்டார்கள். ஓட்டனாரும் அவர் மனைவியும் சென்னைப் பக்கம் நடந்து சென்று, பஞ்ச நிவாரண வேலையாக நடந்த கால்வாய் வெட்டில் மண் சுமந்தனர் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து 1877-78இல் வெட்டப்பட்ட அக்கால்வாய், ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று வழங்கலாயிற்று.

பஞ்சம் தீர்ந்ததும் ஓட்டனார் ஊர் திரும்பினார். அவர் தம்பி திரும்பவில்லை. சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ‘நெட்டால் போனவர்’ என்பதே எங்கள் வீட்டில் அவருக்கு நிலைத்த பெயர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரையில் 1,52,184 பேர் அந்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம்; முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி; வேலை பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊரில் இருந்த அண்ணனைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படவில்லை. கப்பலேறிய தம்பியைப் பற்றியோ பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளத் தழும்பு ஆகிய அனைத்தும் எழுதப்பட்டன. அவரைக் கண்காணிப்பதற்காக எழுதினார்கள். அதுவே இன்று நமக்கு வரலாற்றுச் சான்று ஆகிறது. இப்பட்டியல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அங்கே வாழும் தமிழர் பலர் இவற்றைக் கொண்டே தம் பூர்விக ஊரைக் கண்டறிந்து வந்து செல்கின்றனர். தேடுவோர் பெயர் ஒன்றை மட்டும் நம்பலாகாது. தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் ஒருங்கே பொருந்தினால்தான் நம்மவர் என்று கொள்ளலாம்.

பூட்டனார் காலம்

என் பூட்டனாரின் வாழ்க்கையே எங்கள் குடும்ப வரலாற்றின் நடுப்பகுதி. அதை விளக்குமுன் ஓர் அரசாணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையைக் குறித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, கடனடிமை, மனையுரிமை இன்மை ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. தரிசு நிலம் கேட்டு நம்மவர் தர்க்காஸ்து மனுக் கொடுத்தால் மிராசுதார்கள் தடுத்துவிடுவதும் அதில் கூறப்பட்டது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார்களும் இதே குறையை அரசிடம் வலியுறுத்தி வந்தனர். இரட்டைமலையார் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அந்த 1891ஆம் ஆண்டிலேயே. இவற்றின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையின் பேரில் தரிசு நிலம் வழங்க அது வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்லப்படுபவை இவையே. மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

இந்நிலத்துக்குரிய நிபந்தனைகளை நம் இளைஞர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளவேண்டும். பெற்றவர் முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது. மீறி மாற்றினால் அம்மாற்றம் செல்லாது.

ஆணை பிறந்ததும் எல்லா ஊர்களிலும் நிலம் கிடைத்துவிடவில்லை. தொழிலாளர் நலனுக்கெனத் தனித்துறை அமைந்து, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நில ஒப்படைப்பை மேற்கொண்ட பின்பே எங்கள் ஊருக்கு அதன் பயன் எட்டியது. பூட்டனாருக்கு 2 ஏக்கர் 40 சென்ட் மேட்டுத் தரிசு ஒப்படைக்கப்பட்டது. முள்ளையும் கள்ளியையும் வெட்டி, கல் பொறுக்கி, கிணறு தோண்டி, ஏற்றம் வைத்து அந்நிலத்தைக் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளையும் புன்செய் ஆக்கினார்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்த வேலை அது. பகலில் பண்ணையில் உழைப்பு. நிலா வெளிச்சத்தில் சொந்தக் காணியில் உழைப்பு.

அந்நிலம் பத்தாண்டுகூட எங்கள் கையில் நிலைக்கவில்லை. பூட்டனாரின் மகள் திருமணத்துக்காக உள்ளூர் நிலக்காரர் ஒருவரிடம் 70 ரூபாய் கடன் வாங்கினார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. கடன் சீட்டு என்று சொல்லி ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்னர் அது கிரயப் பத்திரம் என்று தெரிந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். எங்கள் பூட்டனாருக்குக் கணக்குப் பார்க்கவே தெரியாது. விற்க முடியாத நிலத்தை வாங்கியவர் குற்றவாளியாகவில்லை. படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர் நிலமற்றவரானார்.

பாட்டனார் காலம்

நிலம் போனதும் பாட்டனார் 1920களின் இறுதியில் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். சோலையார்பேட்டை வழியாகப் பவுரிங்பேட்டை. அங்கிருந்து மாரிகுப்பம் வரை கிளை இரயில். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய அச்சுரங்கங்களில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர்களுள் மிகப்பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம், செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மக்களே. ஏர் பிடித்த கை உளி பிடித்தது. ஒரு மைலுக்கும் மேற்பட்ட ஆழம், தாங்கொணா வெப்பம், எந்த நேரத்திலும் பாறை வெடித்துச் சிதறலாம் என்ற அச்சம். தங்கவயலுக்கு 1902லேயே மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தொழிலாளர் குடியிருந்ததோ தட்டியும் மண்ணும் கொண்ட லைன் வீடுகளில்.

எனினும் அவ்விடம் நம்மவருக்கு வேறொன்றைத் தந்தது. மாதம் பிறந்தால் காசாகக் கூலி. மிராசுதார் இல்லாத தெரு. சங்கம், பௌத்த சபை, இரவுப் பள்ளி, பத்திரிகை. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, அவர் மறைவுக்குப் பின்னர் கோலாரிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பாட்டனார் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அங்கேதான். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் விரல் ரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பாட்டனாரும் அதில் கலந்துகொண்டார். தந்தையின் கைநாட்டால் நிலம் இழந்து வந்த மகன், தன் விரலைக் கொடுக்க மறுத்து நின்றார் என்பதை எங்கள் குடும்பம் பெருமையோடு நினைவுகூர்கிறது.

கல்தூசி அவர் நுரையீரலைத் தின்றது. இருமி இருமி மெலிந்து 1950களின் நடுவில் மறைந்தார். பாட்டியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். உறவினர் சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் அவர்களின் பிள்ளைகள் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்லலாயினர்.

தந்தையார் காலம்

ஊர் திரும்பிய என் தந்தையார் வாரத்துக்கு நிலம் பிடித்து உழுதார். அவர் தம்பி, என் சிற்றப்பா, சென்னைத் துறைமுகத்தில் சுமை தூக்கச் சென்றார். 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. பூட்டனாருக்குப் பின்னர் எங்கள் குடும்பப் பெயர் அரசுப் பதிவேட்டில் மீண்டும் ஏறியது அம்மனைப் பட்டாவில்தான். அளவில் சில சென்ட் நிலமே. ஆனால் பண்ணையை எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும் என்ற நூற்றாண்டு அச்சம் அன்று அகன்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு முன்பே எங்கள் தெருவில் பலர் படியாள் வேலையை உதறியதற்கு இம்மனைப் பட்டாவே காரணம். தந்தையார் தம் பிள்ளைகளை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியதும் அந்தத் துணிவினால்தான்.

பூட்டனார் எவருடைய திருமணத்துக்காகக் கடன் வாங்கினாரோ அந்த மகள், என் அத்தைப் பாட்டி, எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். எழுத்தறியாதவர். ஆயினும் ஓடை எப்பக்கம், பனைவரிசை எப்பக்கம், வண்டிப்பாதை எப்பக்கம், பக்கத்து நிலம் எவருடையது என்று அந்நிலத்தின் நான்கு எல்லைகளையும் ஒரு சொல் பிசகாமல் கூறுவார். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த பின்னர் அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலைப் பெற்று ஒப்பிட்டேன். எல்லைகள் நான்கும் பொருந்தின. டி.சி. என்ற குறிப்பும் பூட்டனாரின் பெயரும் அதில் இருந்தன. வரப்பு காட்டிய வெட்டியானின் பேத்தி அல்லவா அவர்!

அதன் பேரில் நாங்கள் கொடுத்த மனு இன்னும் முடிவு காணவில்லை. பஞ்சமி நில மீட்புக்காகப் பலர் பெரும் விலை கொடுத்திருக்கின்றனர். காரணை நிலத்தின் பொருட்டு 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். அவர்கள் உயிர் கொடுத்துக் கேட்ட உரிமையை நாம் ஏடு புரட்டியேனும் தேடவேண்டாமா?

தேடும் முறை

இளைஞர்கள் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவதாக, வீட்டிலுள்ள முதியவர்களிடம், சிறப்பாகப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆண்கள் வேலை தேடிப் போனபோது ஊரில் இருந்து நினைவைக் காத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய பிறந்தகம் எது, கொள்வினை கொடுப்பினை எந்தெந்த ஊர்களோடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குடிபெயர்ந்தவர்கள் பிடிமண் எடுத்துச் சென்று புதிய ஊரில் கோயில் எழுப்புவது வழக்கம். பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்ததோ அதுவே பெரும்பாலும் முந்தைய ஊர். பெயர்களையும் கவனியுங்கள். பாட்டன் பெயரை உடையவன் என்பதே பேரன் என்னும் சொல்லின் பொருள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும்.

மூன்றாவதாக, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. தந்தை பெயர், தொழில், ஊர் ஆகியவை அதில் இருக்கும். பிறந்த நாளை மட்டும் அப்படியே நம்பவேண்டா. சேர்க்கைக்கு ஏற்ப வயதைக் கணக்கிட்டு எழுதியதால் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகவே காணப்படுவர். கிறித்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேடு மிகவும் பயன்தரும்.

நான்காவதாக, நிலப் பதிவேடுகள். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பாருங்கள். 1979 முதல் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல பெயர்கள் மாறிவிட்டன. எனவே அதற்கு முந்திய பதிவேட்டைக் கேட்டுப் பெறவேண்டும். மிகப் பழையவற்றை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பழைய ஏடுகளில் பசலி ஆண்டே இருக்கும். அதனோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1302 என்பது 1892 ஜூலையில் தொடங்கியது.

ஐந்தாவதாக, ஒருவர் பெயர் பல வடிவங்களில் எழுதப்பட்டிருக்கும் என்பதை மறவாதீர்கள். சேரியில் முனுசாமி என்று அழைக்கப்பட்டவரைக் கணக்குப்பிள்ளை முனியன் என்று எழுதியிருப்பார். மரியாதை விகுதியையும் சாதி பார்த்துக் குறைத்த காலம் அது.

நிறைவுரை

எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறைகளில் கால்வாய்க்கும் கடலுக்கும் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் சென்றது. ஒருமுறையேனும் ஊர் சுற்றும் ஆசையால் சென்றதில்லை. நிலம் இல்லாததாலோ, இருந்த நிலம் பறிபோனதாலோதான் ஒவ்வொரு முறையும் புறப்பட்டது. உழவுத் தொழிலை நாம் கைவிட்டோம் என்று சிலர் கூறுகின்றனர். உழவு நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதே பதிவேடுகள் கூறும் உண்மை.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினர் குடும்பமும் தன் வரலாற்றை நான்கு பக்கங்களில் எழுதித் தரட்டும். நிலம் பெற்ற விவரமும் இழந்த விவரமும் அதில் தவறாமல் இடம்பெறட்டும். அவற்றைத் தொகுத்துச் சங்க நூலகத்தில் வைத்தால், நம் வட்டாரத்து உழவர் வரலாறு அங்கே முழுமையாக உருவாகிவிடும். பஞ்சமி நிலம் கேட்டு மனு எழுதுவோருக்கு அது சான்றாகவும் பயன்படும். எண்பது வயதுக்கு மேற்பட்டோர் நம் தெருக்களில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உள்ளனர். ஆகவே இளைஞர்களே, இந்தக் கோடை விடுமுறையிலேயே ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள்.